கத்தரிக் கொல்லையில் காய்த்த சுண்டைக்காய்

பிள்ளைகளா, பயணம் போய்வந்தவர்கள் கோபுரத்தையும் கடற்கரையையும் பற்றி எழுதுவார்கள். நான் போனது ஒரு செடியைப் பார்க்க. நாலு நாளும் பார்த்தது, தின்றது, சுமந்தது எல்லாம் அந்தச் செடிதான். சுண்டைச் செடி உங்களுக்குத் தெரியும். வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் யாரும் நடாமல் முளைத்து, ஆள் உயரம் வளர்ந்து, வெள்ளைப் பூ பூத்து, கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, அதுதான். நான் பத்தாவது வரை படித்தவன், அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பு ஒன்றும் வருகிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதி என்ன பிரயோஜனம்?

தேனி மாவட்டம் சின்னமனூர் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் எனக்கு ஒட்டுக் கட்டும் வேலை. கத்தரிச் செடியின் வேர், மண்ணில் இருக்கும் வாடல் நோயைத் தாங்காது. காலையில் நன்றாக நிற்கும் செடி சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுவிடும். காட்டுச் சுண்டையின் வேருக்கு அந்த நோயெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அதனால் சுண்டை நாற்றின் தலையை வெட்டிவிட்டு, அதில் கத்தரி நாற்றின் தலையைச் செருகி, சின்னதாக ஒரு கிளிப் மாட்டிவிடுவோம். ஒரு வாரம் வெயில் காட்டாமல் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கீழே சுண்டை, மேலே கத்தரி. பார்ப்பதற்கு மாயம் போல இருக்கும். பிளேடும் பொறுமையும் இருந்தால் போதும்.

என் தங்கை காந்திமதியை ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் குமரவேல் போட்ட கத்தரி இரண்டு வருஷம் தொடர்ந்து வாடிச் செத்தது. அடுத்த வருஷம் கரும்புக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தவரை, போனில் ஆசை காட்டித் திருப்பியது நான்தான். "மச்சான் பேச்ச நம்பி எறங்குறேன்" என்றார். ஆவணியில் ஒட்டு நாற்று அனுப்பி வைத்தேன். தை பிறந்ததும் போன் வந்தது.

"செடி காடா நிக்குது மச்சான். கத்திரிக்காதான் காணோம். ஒரு நட வந்து பாத்துட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை பெண்ணாடம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரின் டயர் வெடித்து, டிரெய்லர் ஒருபக்கமாகச் சாய்ந்து, பாதி ரோட்டுக்குக் கரும்பு சரிந்து கிடந்தது. டிராக்டர்காரர் அதன் மேலேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பஸ்ஸில் ஒரு ஆள் ஜன்னலில் தலையை நீட்டி, "ஆளுக்கு ஒரு கழி எடுத்துக்குறோம்பா, லோடு கொறஞ்சா வண்டி தானா எந்திரிச்சிரும்" என்றார். பாதி பஸ் இறங்கிவிட்டது. கண்டக்டர் மட்டும் வாசலில் நின்றுகொண்டு, "தின்னுட்டு சக்கைய உள்ள துப்புனீங்க, அடுத்த ஸ்டாப்புல எறக்கி உட்டுருவேன்" என்று கத்தினார். அவர் கையிலும் ஒரு கரும்புத் துண்டு இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் எனக்கும் பாதி ஒடித்துக் கொடுத்தார். எங்கிருந்து வருகிறேன், எதற்கு வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"தேனியிலேந்து சுண்டச்செடி பாக்கவா வந்தீங்க?" என்று சிரித்தார். "எங்க வேலிலயே ரெண்டு நிக்குது. முன்னாடியே சொல்லியிருந்தா பறிச்சு பார்சல் போட்டிருப்பேனே."

எங்கள் ஊரில் தை மாதம் மலைக்காற்று இறங்கி, மதியத்திலும் ஒரு குளிர்ச்சி இருக்கும். இங்கே செம்மண் புழுதியும் வெக்கையும்தான். ஆனால் முன்பின் தெரியாதவனுக்குப் பாதிக் கரும்பு ஒடித்துக் கொடுக்கிற மனசு எங்கள் பக்கத்து பஸ்ஸில் எனக்குக் கிடைத்ததில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தங்கை குழம்பு ஊற்றினாள். முதல் வாயிலேயே நாக்கு சுருண்டது. சுண்டைக்காய். எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி கரைத்து, கடைசியில் வெல்லமும் போட்டிருந்தாள். அப்படியும் கசப்பு அடங்கவில்லை.

"எப்பிடி இருக்குண்ணே? உன் செடியில காச்சதுதான்" என்றாள். முகம் நிறையச் சிரிப்பு.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கசப்பினால் இல்லை. நான் அனுப்பிய செடியில் இந்தக் காய் காய்க்கக் கூடாது.

சனிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் கொல்லைக்குப் போனோம். எங்கள் பக்கம் தோட்டம் என்பதை இவர்கள் கொல்லை என்கிறார்கள். வரப்பில் நின்று பார்த்தேன். வரிசை பிடித்து, இடைவெளி விட்டு, குச்சி ஊன்றிக் கட்டி, களை இல்லாமல், அவ்வளவு நேர்த்தியாக ஒரு சுண்டைக்காடு. என் ஆயுளில் சுண்டையை இத்தனை அக்கறையாக வளர்த்து நான் பார்த்ததில்லை. குனிந்து ஒரு செடியின் அடியை விலக்கிப் பார்த்தேன். நான் கட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. அதற்கு மேலே கத்தரிக் குச்சி பென்சில் மாதிரி சூம்பிக் காய்ந்திருந்தது. ஒட்டுக்குக் கீழே சுண்டை நாலு கிளை விட்டு, மேலே இருந்ததை அமுக்கிவிட்டு எழுந்திருந்தது.

பிள்ளைகளா, இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சுண்டை வேர் சும்மா இருக்காது. தன் துளிரை விட்டுக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு தடவை ஒட்டுக்குக் கீழே வருவதையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். பண்ணையில் தண்ணீர் ஊற்றப் போகிறவர்கள் கூடப் போகிற போக்கில் கிள்ளிவிட்டுத்தான் போவார்கள். நானும் அப்படித்தான். கை தானாகச் செய்யும். தானாகச் செய்வதால் அது வாயில் வரவில்லை. ஒட்டு மண்ணுக்குள் போகக் கூடாது என்று போனில் சொன்னேன். குச்சி ஊன்று, கிளிப்பைக் கழற்று, தண்ணீரைத் தேக்காதே, எல்லாம் சொன்னேன். கிள்ளச் சொல்லவில்லை. அந்த வரப்பில் நின்றபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது.

"பண்ணையில ஏமாத்திட்டானுங்களா மச்சான்?" என்று குமரவேல் கேட்டார். "கத்திரின்னு சொல்லி காட்டுச்செடிய தள்ளி உட்டுட்டானுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "எங்கண்ணன் கையால கட்டுனது. அதுல ஏமாத்து வருமா?" பிறகு என்னிடம் திரும்பி, "இவரு ஐப்பசியிலயே அரிவாள எடுத்துக்கிட்டு வந்துட்டாருண்ணே, அடிக்கெளைய கழிக்கிறேன்னு. நான் உடல. சுண்டைதான் பலம், சுண்டைதான் பலம்னு நீ படிச்சுப் படிச்சு சொன்னியே. அதுவும் பொறந்த வீட்டுலேந்து வந்த செடி. ஒரு எலைய கிள்ள எனக்கு மனசு வரல" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் அவளுக்குச் செய்த சீர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இந்த நாற்றை அவள் அப்படி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"பாப்போம் மாப்ளே" என்று மட்டும் சொன்னேன்.

"என்னாத்த பாக்குறது? திங்கக்கெழம கடலூர் போறோம். பண்ணை மேல மனு குடுக்குறோம். செடிய புடுங்கிக் காட்டுவோம்" என்றார் குமரவேல்.

மனு போனால் என் வேலை போகும். உண்மையைச் சொன்னால் தங்கை வீட்டில் என் மரியாதை போகும். அன்றைக்கு முழுக்க நான் மனுவைத் தடுக்காமல், உண்மையையும் சொல்லாமல், காய் பறிப்பதற்கு உதவி செய்தேன்.

அந்தக் காயை வைத்து அவள் செய்த வேலையெல்லாம் சொன்னால் உங்களுக்கும் உபயோகப்படும். பச்சைக் காயைக் கல்லால் ஒரு தட்டுத் தட்டி, விதை தெறிக்க, இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் கசப்பு பாதி போகும். தட்டும்போது காம்பைக் கிள்ளிவிட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கல்லுக்குக் கீழே நிற்காமல் ஓடும். அலசியதைப் பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு வைக்கலாம். மிச்சத்தை உப்புப் போட்ட புளித்த மோரில் ஊற வைத்து, பகலில் மொட்டைமாடியில் காயப் போட்டு, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்கக் காய்க்குள் போகும் வரைக்கும் இதே வேலை. அதுதான் வற்றல். எண்ணெயில் கருக்கிப் பொடித்து, சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்தால் பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியச் சோறு ஆகிவிடும். வயிற்றுப் பூச்சி வெளியேறும், வாயு இறங்கும், சளி கட்டாது என்று தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் கேட்டு வாங்கிப் போனார்கள். நான் நம்பாமல் இல்லை. ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போவேன், சுண்டைக்காயைத் தேட மாட்டேன். தண்டில் முள் இருப்பதால் ஆடு வாய் வைக்காது. அதனால் வேலிக்கு நல்லது. காய்ந்த குச்சி அடுப்புக்கு ஆகும்.

இத்தனை உபயோகம் உள்ள செடி ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். ஒரு கொல்லை நிறைய நின்றால் என்ன ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

காயை இரண்டு கோணிப்பையில் கட்டி, நானும் தங்கையும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் பை உருண்டு உருண்டு யார் காலிலாவது இடித்தது. ஒரு அம்மா, "என்னா மூட்ட இது, கோலிகுண்டா?" என்று கேட்டுவிட்டுக் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். மார்க்கெட்டில் காய்க்கடைக்காரர் ஒருவர் பையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சுண்டக்காயா? மூட்டையாவா? யம்மா, இத வாங்க வர்றவுங்க ஒரு கைப்புடி வாங்குவாங்க. அதுவும் அமாவாசைக்கு ஒருக்கா. மூட்டைய வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

"வத்தலா போட்டு வித்துக்கலாம்ல?" என்றாள் தங்கை.

"நீயே போட்டு எடுத்தாயேன். காஞ்சதுன்னா நாட்டு மருந்துக் கடையில எடுப்பாங்க. கத்திரிக்கா கொண்டாந்திருந்தா இந்நேரம் சண்ட போட்டு எடுத்திருப்பானுங்க. கொத்சுக்கு இல்லாம ஓட்டல்காரனுங்க அலையுறானுங்க."

ஒரு சின்னப் படி அளவுக்கு எடுத்துக்கொண்டார், இரக்கப்பட்டு. நாட்டு மருந்துக் கடையிலும் காய்ந்ததைத்தான் கேட்டார்கள். மிச்சத்தைத் திரும்பக் கட்டினோம்.

பசித்தது. கோயில் வீதியில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். சிதம்பரத்துக் கொத்சு பேர் பெற்றது. கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசித்து, புளியும் மசாலாப் பொடியும் சேர்த்துச் செய்கிறார்கள். எங்கள் ஊரில் இட்லிக்குச் சாம்பார், சட்னி என்று முடிந்துவிடும். இங்கே இலையில் கறுப்பாக, வழுவழுப்பாக அதை ஊற்றியதும் வந்த வாசனைக்கு இன்னும் இரண்டு இட்லி வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. தங்கை தொட்டுக்கொள்ளாமல் வெறும் இட்லியைப் பிய்த்துத் தின்றாள்.

"ஏன்மா?"

"இந்த வருஷம் இந்த ஓட்டலுக்கே நம்ம காய் போடலாம்னு அவரு பேசி வெச்சிருந்தாருண்ணே."

அப்போது சொல்லியிருக்கலாம். எதிரில் அவள் மட்டும்தான் இருந்தாள். நான் காபி சொன்னேன்.

திங்கட்கிழமை குமரவேல் தங்கையை பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு, வரிசையில் இடம் பிடிக்க முன்னால் போய்விட்டார். வேரோடு பிடுங்கிய இரண்டு செடிகளைச் சாக்கில் சுற்றி, அங்கிருந்தே ஊர் திரும்ப என் பையோடு நான் பஸ்ஸில் எடுத்துப் போனேன். கண்டக்டர் "கடலூர்" என்று கத்தியதும் இறங்கிவிட்டேன். மீன் வாசனை மூக்கில் அடித்த பிறகுதான் விசாரித்தேன். அது ஓ.டி. என்கிற பழைய டவுனாம். மனு வாங்கும் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற மஞ்சக்குப்பம் இன்னும் தூரம். ஆட்டோ பிடித்தேன். செடி வெளியே நீட்டிக்கொண்டு முள் கையைக் கீறியது.

"என்னா சார், சுண்டச்செடியப் புடுங்கினு கலெக்டர பாக்கப் போறீங்க? உள்ள போட்டுருவாங்க, பாத்து" என்று ஆட்டோக்காரர் சிரித்தார்.

அந்த ஆட்டோவில் நான் ஒரு வரியை மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'மாப்ளே, கிள்ளச் சொல்ல மறந்தது நான்தான்.' சின்ன வரிதான். எட்டாவது படிக்கிற பிள்ளை கூடப் பிழையில்லாமல் சொல்லிவிடும்.

மஞ்சக்குப்பத்தில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குமரவேல் மனுவை எழுதி வாங்கி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். உள்ளே ரொம்ப நேரம் நின்றபின், விவசாயப் பிரிவு என்று ஒரு மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது சின்ன வயது அதிகாரி, ஒரு பெண். மனுவைப் படித்துவிட்டு, "செடி இருக்கா?" என்றார். சாக்கைப் பிரித்தேன். அவர் முகம் சுளிக்காமல் வேரைத் துடைத்து, ஒட்டைக் கண்டுபிடித்து, பேனா முனையால் காட்டினார்.

"இது போலி நாத்து இல்லைங்க. இதோ பாருங்க மூட்டு. நல்லாவே ஒட்டியிருக்காங்க. மேல செத்துக் கெடக்கே, அதான் கத்தரி. கீழேந்து வர்ற துளிர வாரா வாரம் கிள்ளியிருக்கணும். யாரு கிள்ளாம உட்டது?"

குமரவேல் தங்கையைப் பார்த்தார். "நான் கழிக்கலாம்னுதான் சொன்னேன் மேடம். அவதான் உடல."

"நாத்து குடுத்தவுங்க கிள்ளணும்னு சொல்லலையா?"

இப்போது குமரவேல் என் பக்கம் திரும்பினார். சந்தேகப்பட்டு இல்லை. நான் என்ன சொல்கிறேனோ அதை நம்புவதற்காகத் திரும்பினார். என் வாயில் அந்த வரி தயாராக இருந்தது.

"சொன்னாங்க மேடம்" என்றாள் தங்கை. "எங்கண்ணன் போன்லயே சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டு மனுவை மடித்துக் கொடுத்தார். "இத வெச்சி பண்ணை மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்க. எல்லாத்தையும் ஓட்டி உட்டுட்டு எள்ளோ உளுந்தோ போடுங்க. அடுத்த தடவ கவனமா இருங்க" என்றார். எங்களுக்குப் பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார்.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குமரவேல் பைக்கை உருட்டிக்கொண்டு போக, தங்கை பத்தடி பின்னால் நடந்தாள். ஸ்டாண்டில் என் ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸை விசாரிக்க அவர் போனபோதுதான் நானும் அவளும் தனியாக நின்றோம்.

"நான் சொல்லவே இல்லம்மா" என்றேன். "கிள்ளச் சொல்ல மறந்துட்டேன்."

"தெரியும்ணே."

"எப்பிடி?"

"நீ போன்ல சொன்ன ஒவ்வொண்ணையும் நித்யா நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். நீ வெள்ளிக்கெழம சாப்பாட்டுல முழிச்ச முழியப் பாத்துட்டு, ராத்திரியே எடுத்துப் பாத்தேன். மூணு தடவ பாத்தேன். அடிக்கெளையப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல." நித்யா அவள் மகள்.

"பெறகு ஏன் அங்க அப்பிடிச் சொன்ன?"

"எம்மேல கோவப்பட்டா ரெண்டு நாளு பேசமாட்டாரு, அப்புறம் சோறு எங்கன்னு கேட்டு வந்துதான ஆவணும்? உம்மேல கோவப்பட்டா வாசப்படி ஏத்த மாட்டாருண்ணே. எனக்குன்னு வர்றதுக்கு நீ ஒருத்தன்தான் இருக்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லித் தொலச்சிராத. சொன்னா நான் பொய் சொன்னதும் சேந்து வெளிய வரும்."

பிள்ளைகளா, இந்த இடத்தில் உண்மையை எழுதுகிறேன். அவள் தடுத்ததும் எனக்கு வருத்தமாக இல்லை. சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது. அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். அப்படி இல்லை. அவள் சொல்வதற்கு முன்னால் மூன்று நாள் மூடித்தானே இருந்தேன்? அப்போது யார் தடுத்தார்கள்?

குமரவேல் திரும்பி வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. எனக்காக ஜன்னலோர சீட்டில் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு வந்திருந்தார். பழத்தை என் பையில் திணித்தார். பஸ்ஸுக்குள் என் கூடவே ஏறி வந்து, தங்கைக்குக் கேட்காத மாதிரி குனிந்து பேசினார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க மச்சான். நீங்க அவ்ளோ தூரத்துலேந்து மெனக்கெட்டு அனுப்புனீங்க. சொல்லவும் சொன்னீங்க. அவ கெடுத்துட்டா. உங்க பண்ணை மேல வேற மனு எழுதிட்டேன், தப்புதான். அவ சார்புல நான் மன்னிப்பு கேட்டுக்குறேன்."

"பரவால்ல மாப்ளே" என்றேன்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பஸ் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். அவர் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். என் தங்கை, அவராகச் சொல்லாமல் எப்படி ஏறி உட்காருவது என்று தெரியாமல், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.